டேட் நோட்டு

கல்லூரி படித்த மூன்று வருடமும் நான் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் போகும் ரோட்டில், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு டிரஸ்ட் நடத்திய விடுதி அது. சாப்பாடு இலவசம், கட்டில் இலவசம், மாதம் ஒரு பாக்கெட் நாப்கினும் இலவசம். ஆனால் அந்த ஒரு பாக்கெட்டை வாங்க வார்டன் மேசைக்கு முன்னால் போய் நின்று, பீரியட்ஸ் என்றைக்குத் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். அவர் ஒரு நோட்டில் தேதியை எழுதுவார். பக்கத்தில் நாம் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகள் அதை டேட் நோட்டு என்பார்கள்.

பிரவுன் அட்டை போட்ட நீள நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் பெயர், அறை எண், வகுப்பு. அதற்கும் கீழே அப்பாவின் போன் நம்பர். நான் சேர்ந்த அன்றைக்கே வார்டன் எனக்கும் ஒரு பக்கம் திறந்தார். நம்பரைச் சொன்னேன். போன் வீட்டில் இருக்குமா, அப்பா கையிலேயே இருக்குமா என்று கேட்டார். அப்பா கையில்தான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

நாப்கின் கொடுப்பதற்கு அப்பாவின் நம்பர் எதற்கு என்று எனக்கு அப்போதே உறுத்தியது. கேட்கவில்லை. கேட்டால், எதற்காகக் கேட்கிறாள் என்று அவருக்கு உறுத்துமோ என்று பயம்.

வார்டன் ஐம்பதை நெருங்கியவர். பருத்திச் சேலையை மடிப்புக் கலையாமல் கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, அதே சேலையோடு சமையலறையில் நின்று கோழிக்குழம்பு பரிமாறுவார். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அவர் சிரித்துப் பேசினால்கூட, எதற்கு இன்றைக்குச் சிரிக்கிறார் என்று யோசிக்கிற பழக்கம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது.

என் அறையில் பக்கத்துக் கட்டில்காரி வாடிப்பட்டிப் பக்கத்துப் பெண், இரண்டாம் வருடம். நான் சேர்ந்த அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது என்னிடம் சொன்னாள்.

"நெசமான தேதிய மட்டும் சொல்லிராத புள்ள."

ஏன் என்று கேட்டேன். நான் படுக்கப்போகிற கட்டிலில் போன வருடம் ஒரு அக்கா இருந்தாளாம். இறுதி வருடம். இரண்டு மாதம் அவள் நாப்கின் வாங்கப் போகவில்லை. மூன்றாவது மாதம் ஒரு மத்தியானம் அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளையும் கூட்டிப் போய்விட்டார்கள். பரீட்சை எழுதக்கூட அவள் வரவில்லை. வார்டன்தான் போன் போட்டுச் சொல்லியிருப்பார் என்று விடுதி முழுக்கப் பேச்சு. போன் பேசியதைக் கேட்டவர்கள் ஒருவரும் இல்லை. ஆனாலும் எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

பயப்படுவதற்கு எனக்குக் காரணம் இருந்தது. பதின்மூன்று வயதில் பெரியவளானதிலிருந்து எனக்கு ஒழுங்காக வந்ததே இல்லை. நாற்பது நாளில் வரும், ஒருமுறை எழுபது நாள் ஆனது. வந்தால் பத்து நாள் நிற்காது. அம்மாவிடம் சொன்னபோது உடம்பு வாகு என்று சொல்லி முடித்துவிட்டாள். எங்கள் ஊர் மேலூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா முன்பு கல் குவாரியில் வேலை பார்த்தார். அந்த வேலை நின்ற பிறகு லோடு ஆட்டோ ஓட்டினார். அத்தை வீட்டில் என்னைப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதையும் மீறி அப்பா என்னைக் கல்லூரிக்கு அனுப்பியபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். விடுதியிலிருந்து என்னைப் பற்றி ஒரு பேச்சு வரக்கூடாது. வந்தால் அன்றோடு படிப்பு முடிந்தது.

அந்த அப்பாவின் நம்பர்தான் வார்டனின் நோட்டில் இருந்தது.

சேர்ந்த ஒரு மாதத்தில் விடுதியில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தார்கள். வெளியிலிருந்து ஒரு மேடம் வந்து சுவரில் படம் போட்டு விளக்கினார். நன்றாகத்தான் பேசினார். கருப்பை, முட்டை, ரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதையெல்லாம் நான் அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கினை மாற்ற வேண்டும் என்றார். மாதம் ஆறு நாப்கின் உள்ள ஒரு பாக்கெட் வாங்குகிறவர்கள் அதை எப்படிச் செய்வது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை வருவது சாதாரணம், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ரொம்ப மாறினால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, யாருக்காவது அப்படி இருக்கிறதா என்று கேட்டார்.

வார்டன் கடைசி வரிசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் கை தூக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு பாக்கெட்டைக் கையில் கொடுத்து, நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். நான் முன்னால் நின்றவளின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அந்தப் போட்டோ எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று தெரியாது.

அந்தக் கூட்டத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது இருபத்தெட்டு என்ற எண்ணை மட்டும்தான். நான் கணக்குப் பாடம் படிக்கிறவள். அடுத்த மாதத்திலிருந்து இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை வார்டன் மேசைக்குப் போய்த் தேதி சொன்னேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒரு மாதம் இருபத்தேழு, ஒரு மாதம் இருபத்தொன்பது என்று மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரு நாள் தள்ளினேன். முகத்தைக் கொஞ்சம் சோர்வாகவும் வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் வார்டன் என் பக்கத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ ஒருத்திதான் கரெக்டா இருக்க," என்றார். பாராட்டா, பொடி வைத்துப் பேசுகிறாரா என்று அந்த வாரம் முழுக்க நான் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

பொய்த் தேதிக்கு வாங்கிய பாக்கெட்டுகள் என் டிரங்குப் பெட்டிக்குள் அடியில் சேர்ந்தன. மேலே சுடிதாரை மடித்துப் போட்டு மூடிவைத்தேன். ஒருநாள் வாடிப்பட்டிக்காரிக்கு மாதப் பாக்கெட் தீர்ந்துபோய், கடைக்குப் போக வெளியே விடாத நேரத்தில் அவள் தவித்தபோது, ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். யாரிடமும் சொல்லாதே என்றேன். சொல்லமாட்டேன் என்றாள். அடுத்த வாரம் எதிர் அறையிலிருந்து ஒருத்தி வந்து நின்றாள். அப்புறம் கீழ்த்தளத்திலிருந்து. கொடுத்தேன். கொடுக்கிறபோதெல்லாம், இவள் வார்டனின் ஆளாக இருக்குமோ என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே கொடுத்தேன்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் வார்டன் அறைகளைச் சோதனை போட்டார். யாரோ ஒருத்தி செல்போன் சார்ஜ் போடுகிற பிளக்கில் துணி தேய்க்கும் பெட்டியை மாட்டி ஃபியூஸ் போனது என்றுதான் காரணம் சொன்னார். ஆனால் நேராக என் கட்டிலுக்கு வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னது எனக்கு இன்றுவரை தற்செயலாகத் தோன்றவில்லை. சுடிதாருக்குக் கீழே ஏழு பாக்கெட்டுகள் இருந்தன. விடுதியில் கொடுக்கிற அதே நீல உறை.

எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஊரில் பள்ளிக்கூடத்தில் தங்கச்சிக்குக் கொடுத்தது என்றேன். எனக்குத் தங்கச்சியே இல்லை. சேர்க்கைப் படிவத்தில் அதுவும் எழுதியிருக்கிறது. வார்டன் பெட்டியை மூடினார். மறுநாள் ஸ்டோர் ரூமில் புதுப் பூட்டுத் தொங்கியது. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் தண்ணீர் பிடிக்கப் போனால்கூட அவர் அறையின் திரை அசையும். நான் திருடி என்று அவர் முடிவுக்கு வந்துவிட்டார். உண்மையைச் சொல்லி அதை மாற்றலாம். ஆனால் திருடி என்ற பெயர் அப்பாவுக்குப் போன் போகிற அளவுக்குப் பெரிதில்லை என்று எனக்குப் பட்டது. விட்டுவிட்டேன்.

விடுதியில் நாங்கள் சந்தேகப்பட்ட இன்னொருவர், குளியலறை சுத்தம் செய்கிற அக்கா. அவனியாபுரத்திலிருந்து காலையில் வருவார். குப்பைத் தொட்டியில் கிடக்கிற பழைய நாப்கின்களை எண்ணி, நோட்டோடு சரிபார்க்க வார்டன் அவரை வைத்திருக்கிறார் என்று பிள்ளைகள் பேசினார்கள். அதனால் பாதிப் பேர் தொட்டியில் போடமாட்டார்கள். தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோய் அங்கே போடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். வகுப்பில் ரெக்கார்டு நோட்டும் அதுவும் ஒரே பைக்குள் இருக்கும்.

அந்த வருடம் பொங்கல் லீவு முடிந்து விடுதிக்குத் திரும்பிய மறுநாள் எனக்கு வந்தது. அறுபது நாளுக்கு மேல் கழித்து வந்தது. பத்து நாள் ஆனது, நிற்கவில்லை. பதினைந்து நாள் ஆனது. பெட்டியில் இருந்த பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கட்டி கட்டியாகப் போனது. நோட்டின்படி எனக்குப் பொங்கலுக்கு முன்னாலேயே வந்து முடிந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் கழித்துத்தான் நான் மேசைக்குப் போகலாம். மற்றவர்களிடம் கேட்கலாம்தான். கேட்டால் எதற்கு இத்தனை என்ற கேள்வி வரும். பழைய பாவாடையைக் கிழித்துத் துணி வைத்தேன். அதைத் துவைத்து, மற்ற துணிகளுக்கு அடியில் ஈரத்தோடு காயப்போட்டேன். மாடிப்படி ஏறினால் காதுக்குள் இரைச்சல் கேட்டது.

ஒரு காலையில் துணி அலசிக்கொண்டிருந்தபோது சுத்தம் செய்கிற அக்கா கதவருகில் வந்து நின்றார்.

"ஏத்தா, உனக்கு இன்னுமா நிக்கல?"

துணியை வாளிக்குள் அமுக்கினேன். எது என்று கேட்டேன்.

"நானும் மூணு வாரமா பாக்குறேன். காலைல மொத ஆளா வந்து தண்ணி ஊத்திட்டுப் போற. மூலைல ரெத்தம் நிக்கிது. எனக்குத் தெரியாதா?"

நான் இல்லை என்றேன். எனக்கு நேற்றுதான் வந்தது என்றேன். அவர் என் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். வார்டன் மேடமிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் இவரைப் பற்றிப் பேசியதெல்லாம் சரிதான் என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு வார்டன் கூப்பிட்டனுப்பினார். மேசையில் நோட்டில் என்னுடைய பக்கம் விரிந்திருந்தது. உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "செருப்ப மாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்," என்றார்.

வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்று பார்க்கத்தான் கூட்டிப்போகிறார் என்று எனக்கு அந்த நிமிடமே உறுதியாகிவிட்டது. வரமாட்டேன் என்றேன். அப்படியானால் அப்பாவைக் கூப்பிடட்டுமா என்றார். செருப்பை மாட்டினேன். வாடிப்பட்டிக்காரி கூட வர வேண்டும் என்று மட்டும் பிடிவாதம் பிடித்தேன். எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. மூன்று பேரும் ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க வார்டன் தன் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

சீட்டு போட்டு உள்ளே போனதும் ஒரு நர்ஸ் கையில் சின்ன டப்பாவைக் கொடுத்து யூரின் பிடித்து வரச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். ரத்தப்போக்கு என்று வருகிற எல்லாருக்கும் முதலில் இதைத்தான் பார்ப்பார்கள் என்றார். கர்ப்பமா என்று பார்க்கவா என்று கேட்டேன். ஆமாம், கல்யாணம் ஆனவர்கள் ஆகாதவர்கள் எல்லாருக்கும்தான் என்றார். எனக்கு வார்டன்மேல்தான் கோபம் வந்தது. நான் நினைத்ததைத்தான் இவர் நடத்துகிறார்.

முடிவுக்குக் காத்திருந்தபோது அதே நர்ஸ் ஜன்னல் ஓரம் நின்று போனில் பேசினார். வீட்டில் பேசுகிற சௌராஷ்டிர மொழி. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அவர் பேசிக்கொண்டே என் பக்கம் ஒருமுறை பார்த்தார். என்னைப் பற்றித்தான் யாரிடமோ சொல்கிறார் என்று நினைத்தேன். நடுவில் கேஸ் சிலிண்டர் என்ற சொல் இரண்டு முறை வந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

கர்ப்பம் இல்லை என்று வந்தது. எனக்கு அது தெரிந்த விஷயம். நான் வார்டனைத்தான் பார்த்தேன். அவர் கண்ணை மூடி, உதடு அசையாமல் எதையோ சொல்லிக்கொண்டார். தோள் இரண்டும் கீழே இறங்கின.

டாக்டர் இளவயதுப் பெண். வெளிறிப்போன என் நகங்களை அழுத்திப் பார்த்தார். மாதாமாதம் ஒழுங்காக வருமா, கடைசி மூன்று முறை என்றைக்கு வந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வார்டன் கைப்பையிலிருந்து டேட் நோட்டை எடுத்தார். அதைத்தான் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். டாக்டர் என் பக்கத்தைப் படித்தார். அவர் முகம் தெளிந்தது.

"ரொம்ப ரெகுலரா இருக்கே. அப்ப இந்த ஒரு மாசம்தான் பிரச்சனையா?"

வார்டன் ஆமாம் என்று தலையாட்டினார். டாக்டர் சீட்டில் எழுத ஆரம்பித்தார். அந்தப் பேனா ஓடுவதைப் பார்த்தபோதுதான் எனக்கு வேறு ஒரு பயம் வந்தது. அந்த டாக்டர் என் பொய்க்கு மருந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"அது பூராம் பொய் டாக்டர்," என்றேன். "எனக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்ல."

பேனா நின்றது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நாற்பது நாள், எழுபது நாள், பத்து நாள் நிற்காதது எல்லாவற்றையும் சொன்னேன். பதின்மூன்று வயதிலிருந்து சொன்னேன். டாக்டர் முதலில் எழுதிய தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு வேறு தாளில் எழுதினார். ஏன் பொய் சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. வார்டனும் கேட்கவில்லை. அவர் வேறொன்று கேட்டார்.

"அப்ப மத்த பிள்ளைகளோடது?"

நான் வாடிப்பட்டிக்காரியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். வார்டன் நோட்டை எடுத்து, அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறவர் போல நாலைந்து பக்கங்களைப் புரட்டினார். பிறகு மூடிப் பைக்குள் போட்டார்.

ரத்த அளவு பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறுதான் இருக்கிறது என்று படுக்கவைத்துவிட்டார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஸ்கேனில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை, ஹார்மோன் தாறுமாறாக இருக்கிறது, மாத்திரையில் சரியாகும் என்றார்கள். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி வார்டன் அப்பாவுக்குப் போன் போட்டிருந்தார். மத்தியானம் அம்மா மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள். வாடிப்பட்டிக்காரி டீ வாங்கப் போயிருந்தாள். வார்டன் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் துணிந்து கேட்டேன்.

"அந்த அக்கா வீட்டுக்குப் போன் போட்டது நீங்கதானா மேடம்?"

எந்த அக்கா என்று அவர் கேட்கவில்லை.

"நாந்தான். ரெண்டு மாசம் ஆச்சு, எனக்குப் பயம் வந்துருச்சு. ஏதாச்சும் ஆனா டிரஸ்ட்டுல யாரக் கேப்பாக? என்னையத்தான கேப்பாக." ரத்தப் பாட்டிலைப் பார்த்தார். "கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்ட காட்டிருக்காக. ஒண்ணுமில்ல. உன்னைய மாதிரிதான் அவளுக்கும். ஆனா திருப்பி அனுப்பல. கல்யாணம் முடிச்சுட்டாக."

எங்கள் சந்தேகம் உண்மைதான் என்று தெரிந்தபோது எனக்கு ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். இல்லை. சுத்தம் செய்கிற அக்கா சொல்லித்தான் என்னை அழைத்து வந்ததாகவும் வார்டன் சொன்னார். பழைய நாப்கினை எண்ணச் சொல்வீர்களா என்று கேட்டேன். அவர் முகம் சுளித்தார். அப்படி ஒரு பேச்சு இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. நம்பலாமா என்று அப்போதும் ஒரு கணம் யோசித்தேன்.

அம்மா வந்தாள். என்னைப் பார்த்தாள், வார்டனைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். ரத்தம் கம்மி என்று மட்டும் வார்டன் சொன்னார். அப்பாவிடமும் அதையே சொல்லுங்கள் என்றார். அதற்கு நான் இன்றும் நன்றியுடன் இருக்கிறேன்.

ஒரு மாதம் ஊரில் இருந்தேன். சந்தேகம் என்கூடவே ஊருக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையில் ஒரு அட்டை தீர்ந்து, மறுபடி மதுரைக்குப் போக நாள் இருந்ததால், அம்மா காலி அட்டையை மேலூர் மருந்துக்கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் யாருக்கு என்று கேட்டிருக்கிறார். மகளுக்கு என்றிருக்கிறாள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றதும், இது குழந்தை வேண்டாம் என்று போடுகிற மாத்திரையாயிற்றே என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு பேர் நிற்கிற இடத்தில் அட்டையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

அம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. சோறு போடுவாள், போய்விடுவாள். என் போன் மணி அடித்தால் அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோகும். இரண்டு நாள் கழித்து நானே கேட்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். டாக்டர் சொன்னதை விளக்கினேன். என் வாயால் சொல்வதை அவள் நம்புகிற நிலையில் இல்லை. நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு டாக்டரைப் பார்க்க வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

அதே டாக்டர்தான் இருந்தார். அம்மா மடியிலிருந்து காலி அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது பிள்ள வேணாம்ங்கிறதுக்குப் போடுறதுன்னு கடக்காரரு சொல்றாரு. நெசமா?"

"நிஜம்தாம்மா," என்றார் டாக்டர். "அதுக்கும் போடுவாங்க. ரத்தம் நிக்காம போறதுக்கும் இதையேதான் போடுவோம். உங்க பொண்ணுக்கு அதுக்குத்தான் எழுதியிருக்கேன். ஒரு மாத்திரை ஒரு வேலைக்கு மட்டும்தான்னு இல்லம்மா."

ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்து காட்டினார். விடுதிக் கூட்டத்தில் நான் பார்த்த அதே படம்தான். அம்மா குனிந்து நெடுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு கேள்விகள் கேட்டாள். இதைப் போட்டால் பின்னால் பிள்ளை பிறக்காதா, எத்தனை மாதம் போட வேண்டும், நிறுத்தினால் திரும்ப வருமா. அவள் இத்தனை கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் பதில் வந்த பிறகு என்னிடம் திரும்பி, வெளியே போய் உட்காரச் சொன்னாள்.

கதவு சாத்தப்பட்டது. என்னைப் பற்றித்தான் ஏதோ தனியாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. வந்தபோது அவள் கையில் ஒரு புதுச் சீட்டு இருந்தது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அதைப் பிரித்துப் பார்த்தேன். அதில் இருந்தது அம்மாவின் பெயர். இரும்புச்சத்து மாத்திரை, ஒரு ஸ்கேன்.

"எனக்கும் ரெம்ப நாளா சரியில்ல," என்றாள். சீட்டை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். ஊருக்குப் போகிற பஸ்ஸில் என் பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்தாள். ஸ்கேன் எடுக்க அவளை நான் இரண்டு முறை இழுத்துப்போக வேண்டியிருந்தது. கருப்பையில் கட்டி இருந்தது. அதற்கு வைத்தியம் பார்த்தோம்.

நான் விடுதிக்குத் திரும்பியபோது டேட் நோட்டு மேசையில் இல்லை. குளியலறைக்கு வெளியே ஒரு மர அலமாரி வைத்து, அதில் பாக்கெட்டுகளை அடுக்கியிருந்தார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், தேதி வேண்டாம், கையெழுத்து வேண்டாம். இதை வார்டன் டிரஸ்ட்காரர்களிடம் என்ன சொல்லி வாங்கினார் என்று தெரியவில்லை. முதல் நாளே அலமாரி காலியாகிவிட்டதாம். நாளைக்கு நிறுத்திவிடுவார்கள், மறைவில் கேமரா இருக்கிறது, எடுக்கிறவர்களைப் பார்க்கத்தான் இது என்றெல்லாம் பேசிக்கொண்டே ஆளுக்கு மூன்று நான்காக அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

வார்டன் என்னைப் பார்த்ததும், "பாத்தியா? இதுக்குத்தான் நோட்டு வச்சேன்," என்றார்.

பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்த அக்காதான் பதில் சொன்னார். "மறுபடி வைங்க மேடம். எம்புட்டத்தான் எடுப்பாக?"

மறுபடி வைத்தார்கள். அதுவும் இரண்டு நாளில் போனது. மூன்றாவது முறை வைத்தபோது ஒரு வாரம் இருந்தது. அப்புறம் யாரும் அள்ளவில்லை. பெட்டிக்கடியில் இருக்கிறபோது எதற்கு எடுப்பது என்று தோன்றியிருக்கும். பைக்குள் வைத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோகிற வழக்கம் மட்டும் சிலரிடம் கடைசிவரை போகவில்லை. நான் அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். எதற்கு என்று விளக்கினால் அவரைப் பற்றி நாங்கள் பேசியதையும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த நிலக்கடலையில் ஒரு பங்கு அவருக்குப் போகும். வாங்கிக்கொள்வார்.

மாத்திரையை ஏழு மாதம் போட்டேன். பிறகு நிறுத்தினார்கள். கூடக் குறைய ஒரு மாத இடைவெளியில் வர ஆரம்பித்தது. நான் படித்து முடித்து, பி.எட்டும் முடித்து, இப்போது மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறேன்.

விடுதியைக் காலி பண்ணிய நாளில் வார்டனிடம் கையெழுத்து வாங்கப் போனேன். பாக்கி எதுவும் இல்லை என்கிற படிவம் அது. போர்வை, தலையணை, சாவி எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தவர், கையெழுத்துப் போடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப ஒழுங்கா வருதா?"

"வருது மேடம்," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டார்.